வாஷிங் மெஷின் நின்றுவிட்டதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

எங்கள் வீட்டில் ஆறு பேர். பள்ளிச் சீருடை இரண்டு, ஆபீஸ் சட்டை இரண்டு, மாமனாரின் வேட்டி, மாமியாரின் நூல் புடவை என்று தினம் ஒரு கூடை நிறைந்துவிடும். தாம்பரம் பக்கம் வீடு, போர் தண்ணீர். ஒன்பது வருடமாக ஒரே 7 கிலோ செமி ஆட்டோமேட்டிக் மெஷின்தான் ஓடுகிறது, துவைக்க ஒரு தொட்டி, பிழிய (ட்ரையர்) ஒரு தொட்டி. மாடியில் இருக்கும் தங்கை வீட்டில் டாப் லோடு, அதாவது மேலே துணி போடும் முழு ஆட்டோமேட்டிக். இந்த இரண்டோடும் மல்லுக்கட்டிப் பழகியதில், தெருவில் யார் வீட்டு மெஷின் நின்றாலும் "அக்கா, ட்ரையர் சுத்தல, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று எனக்குத்தான் முதலில் போன் வரும். போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரு குழந்தை சாக்ஸ், ஒரு ஹேர்பின், சுவரோரம் மடங்கிய ஓஸ், உப்புப் படிந்த வலை, அவ்வளவுதான். இதற்கு வேலைக்கு லீவு போட்டு, விசிட்டிங் சார்ஜ் கொடுத்துக் காத்திருக்கத் தேவையில்லை.

உங்கள் மெஷின் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பின்மூடியைத் திறந்தால் உள்ளே உருளையாகவோ சதுரமாகவோ ஒயர் செருகிய கண்டென்சர் (மோட்டாரைக் கிளப்பிவிடும் பாகம்) இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தேங்கியிருக்கலாம், அதைத் தொடாதீர்கள்.

## தொட்டால் ஷாக் அடிக்கிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. "லேசாத்தான் சுருக்குனு இருக்கு, செருப்பு போட்டுக்கிட்டா அடிக்கல" என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரத் தரை, ஈரக் கை, அதோடு கரண்ட். அந்தச் சுருக்கு என்றைக்கு வேண்டுமானாலும் உயிரை எடுக்கலாம்.

மெஷினைத் தொடாமல் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். இங்கே நீங்கள் பார்க்கக்கூடியது இரண்டுதான். பிளக்கில் மூன்றாவது தடித்த முள் இருக்கிறதா? இரண்டு முள் பிளக்கோ, மூன்றாவது முள்ளை உடைத்து விட்ட பிளக்கோ என்றால் எர்த்தே இல்லை. அடுத்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக ஓடுகிறதா? பல பாக்ஸ்களில் எர்த் துளை பேருக்குத்தான் இருக்கும்.

இதற்கு மேல் எலக்ட்ரீஷியன் வேலை. முதலில் வீட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருந்தும் அடிக்கிறது என்றால் மெஷினுக்குள் ஈரம் பட்ட மோட்டாரோ எலி கடித்த ஒயரோ இருக்கலாம், அப்போது மெக்கானிக். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (RCCB) ஒன்று வீட்டு மெயின் போர்டில் போட்டுவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தச் செலவைத் தள்ளிப் போடக்கூடாது.

## மெஷினில் விளக்கே எரியவில்லை

அதே சாக்கெட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் கோளாறு சாக்கெட்டிலோ, விழுந்துபோன டிரிப்பரிலோ இருக்கிறது. சார்ஜ் ஏறுகிறது, மெஷின் மட்டும் எழவில்லை என்றால் பிளக் முள்ளில் கருகிய தடம் இருக்கிறதா பாருங்கள். ஒயரை நுனி முதல் மெஷின் வரை கையால் தடவிப் பாருங்கள், எலிக்குப் பிடித்த இடம் தரையோரம்தான்.

விளக்கு எரிகிறது, பட்டன் எதுவும் கேட்கவில்லை என்றால் டாப் லோடில் சைல்டு லாக் விழுந்திருக்கும். பூட்டுப் படம் போட்ட பட்டனை (சில மாடலில் இரண்டு பட்டனைச் சேர்த்து) மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடியுங்கள். இதெல்லாம் பார்த்தும் உயிர் வரவில்லை என்றால் மெஷினுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போயிருக்கலாம். அது செலவு. ரிப்பேருக்கு ஒப்புக்கொள்ளும் முன் விலையைக் கேளுங்கள்.

## தண்ணீர் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக நிரம்புகிறது (டாப் லோடு)

திரையில் எழுத்தும் வரும். எல்ஜியில் ஐஇ (IE), சாம்சங்கில் 4இ (4E) அல்லது 4சி (4C). இரண்டுக்கும் பொருள் ஒன்றே: உரிய நேரத்துக்குள் தண்ணீர் சேரவில்லை.

டேப் திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள். வேலைக்கு வரும் அம்மா பாத்திரம் கழுவ வேகம் வேண்டும் என்று மூடிவிட்டுப் போயிருப்பார்.

டேப்பிலேயே வேகம் இல்லையா? மெஷின் ஓஸைக் கழற்றி, அதே டேப்பில் 10 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனால் மெஷின் மேல் தப்பில்லை. டாப் லோடு வால்வு ஒழுங்காகத் திறந்து தண்ணீர் விட, பெரும்பாலான மாடல்களுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார், அப்படியானால் 0.3 பாருக்கு மூன்று மீட்டர். தங்கை வீடு மேல் மாடி. மொட்டை மாடியில் டேங்க், அதன் அடிக்கும் மெஷினுக்கும் நடுவில் மூன்று மீட்டர்கூட இல்லை. டேங்க் நிறைந்திருந்தால் ஓடும், பாதியானால் ஐஇ. இரண்டு முறை மெக்கானிக் வந்து வால்வையே மாற்றிவிட்டுப் போனார், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் டேங்கைச் செங்கல் மேடை கட்டித் தூக்கி வைத்த பிறகுதான் சரியானது. மேடை கட்ட முடியாத வீட்டில் சின்ன பிரஷர் பம்ப் போடலாம். அவசரத்துக்கு, மூடியைத் திறந்து பக்கெட்டால் தண்ணீர் ஊற்றுங்கள். அளவு சேர்ந்ததும் மெஷின் தானே துவைக்கத் தொடங்கும்.

டேப்பில் வேகம் இருக்கிறது, மெஷினுக்குள் இல்லை. அப்படியானால் வலை. டேப்பை மூடி, பிளக்கைப் பிடுங்கி, மெஷின் பின்னால் ஓஸ் சேரும் மரையைக் கையாலேயே கழற்றுங்கள். உள்ளே சட்டைப் பட்டன் அளவில் ஒரு வலை தெரியும். மூக்கு பிளையரால் மெல்ல இழுத்தால் வந்துவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். உப்பு கல்லாகப் படிந்திருந்தால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். ஓஸின் டேப் முனையிலும் சில சமயம் இன்னொரு வலை இருக்கும். போர் தண்ணீர் வீட்டில் இதை மாதம் ஒருமுறை செய்கிறேன். வலை இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள், மணல் நேராக வால்வுக்குள் போய் உட்காரும்.

வலையும் சுத்தம், வேகமும் இருக்கிறது, இன்னும் வரவில்லை என்றால் வால்வுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) போயிருக்கும். மெக்கானிக் மாற்றட்டும், பெரிய செலவில்லை.

## தண்ணீர் நிரம்பிக்கொண்டே இருக்கிறது, அல்லது நிரம்ப நிரம்ப ஓடிவிடுகிறது

செமி ஆட்டோமேட்டிக்கில் முதலில் டிரெயின் திருகு துவைக்கும் பக்கம் இருக்கிறதா பாருங்கள். இருந்தும் ஓஸில் ஒழுகுகிறது என்றால், தொட்டிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வால்வில் நூலோ காசோ சிக்கியிருக்கிறது. அரைத் தொட்டி தண்ணீர் விட்டு, டிரெயின் திருகை நாலைந்து முறை மாற்றி மாற்றித் திருப்புங்கள். தண்ணீர் வேகத்தில் அடித்துப் போய்விடும், பல தடவை இதிலேயே தீர்ந்திருக்கிறது.

டாப் லோடில், பம்ப் வைத்த மாடல் என்றால் டிரெயின் ஓஸ் முனை உயரத்தில் இருக்க வேண்டும், தரையில் போட்டால் தானாக உறிஞ்சி வெளியேறும். பம்ப் இல்லாத மாடலுக்கு நேர் எதிர், தரையோடு கிடக்க வேண்டும். உங்களுடையது எது என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் ஓஸ் படம் போட்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தண்ணீர் உள்ளே கொட்டினால் வால்வு மூட மறுக்கிறது. டேப்பை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## துவைக்கும் பக்கம் 'ம்ம்ம்' என்கிறது, சுற்றவில்லை

துணியைப் பாதி எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். சுற்றினால் பாரம்தான் காரணம். 7 கிலோ என்று எழுதியிருப்பது காய்ந்த துணியின் எடை. ஒரு ஜீன்ஸே முக்கால் கிலோ வரை வரும், இரட்டைக் கட்டில் விரிப்பு ஒரு கிலோவைத் தொடும். தொட்டியில் முக்காலுக்கு மேல் திணிக்காதீர்கள்.

துணியே இல்லாமலும் சுற்றவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடித்தட்டைக் கையால் சுற்றுங்கள்.

*இறுக்கமாக இருந்தால்* அடியில் ஏதோ மாட்டியிருக்கிறது. தட்டின் நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றி, தட்டை இரண்டு பக்கமும் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை அங்கிருந்து இரண்டு ரூபாய்க் காசு, ஊக்கு, பென்சில் துண்டு, ஒரு பள்ளி பேட்ஜ் எல்லாம் வந்தன. துருப்பிடித்த ஸ்க்ரூ வர மறுத்தால் பலம் காட்டாதீர்கள், தலை தேய்ந்துவிட்டால் மெக்கானிக்குக்கும் கஷ்டம்.

*லேசாகச் சுற்றினால்* பெல்ட். பின்மூடியைத் திறந்தால் தெரியும். அறுந்து கிடக்கும், அல்லது தளர்ந்து வழுக்கும். வழுக்கும் பெல்ட்டுக்கு ரப்பர் தீயும் வாசம் வரும், கறுப்புத் தூள் கொட்டியிருக்கும். பெல்ட் மேலேயே எண் அச்சடித்திருக்கும், அதே எண்ணை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

*பெல்ட்டும் சரி, தட்டும் சரி, இரைச்சல் மட்டும் வருகிறது* என்றால் கண்டென்சர். ஆனால் மாலை நேரத்தில் மட்டும் இப்படி ஆகிறதா என்று கவனியுங்கள். கோடையில் வோல்டேஜ் இறங்கும் வீடுகளில் காலையில் ஓடும் மெஷின் இரவில் முனகும். வோல்டேஜ்தான் காரணம் என்றால் கண்டென்சரை மாற்றிப் பயன் இல்லை. கடகடவென்று கல் அரைப்பது போன்ற சத்தம் என்றால் கியர் பாக்ஸ், அது பெரிய வேலை.

## ட்ரையர் சுற்றவில்லை

எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி இதற்குத்தான். கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

மூடி. செமி ஆட்டோமேட்டிக் ட்ரையரின் மூடியோடு ஒரு சுவிட்ச் இருக்கிறது. மூடி முழுதாக அமர்ந்தால்தான் கரண்ட் போகும். மூடியை மெல்ல இறக்கி 'டிக்' சத்தம் கேட்கிறதா பாருங்கள். கீல் உடைந்து மூடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தச் சுவிட்சின் நெம்பை அது அழுத்தாது. மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தால் சுற்றுகிறது என்றால் கீலை மாற்றினால் போதும். நெம்பை டேப் போட்டு ஒட்டி, மூடியைத் திறந்து வைத்தே ஓட்டுகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும் கூடை அது. குழந்தையின் கை உள்ளே போனால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள், அந்த டேப்பை இப்போதே பிரித்துவிடுங்கள்.

டைமர். ஒரு நிமிடக் கோட்டைத் தாண்டித் திருப்புங்கள். பின்பக்கமாகத் திருப்பாதீர்கள், உள்ளே பல் உடையும்.

கூடைக்கு வெளியே விழுந்த துணி. கூடைக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சாக்ஸும் கர்ச்சீப்பும் நழுவி இறங்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். மழுங்கலான மரக்குச்சியாலோ நுனி வளைத்த தடித்த கம்பியாலோ மெல்லத் தூக்குங்கள். கூர்மையான கம்பி வேண்டாம், அடியில் உள்ள ரப்பர் சீலைக் குத்திவிட்டால் தண்ணீர் மோட்டார் மேலேயே சொட்டும். இதைத் தடுக்க, துணியை அழுத்தி அமர்த்திவிட்டு, மெஷினோடு வந்த வட்ட பிளாஸ்டிக் தட்டை மேலே போடுங்கள். அது எங்கேயோ பரணில் கிடக்கும், தேடி எடுங்கள்.

வெளித் தொட்டியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? டிரெயின் அடைத்திருந்தால், துவைக்கும் தொட்டியைத் திறந்ததும் அந்தத் தண்ணீர் ட்ரையர் பக்கம் ஏறும். தண்ணீரில் மூழ்கிய கூடை சுற்றத் திணறும். கீழே 'தண்ணீர் வெளியேறவில்லை' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பிரேக். மூடியைத் திறந்து கூடையைக் கையால் சுற்றினால் கனமாக இருக்கும். பலர் இதைப் பார்த்து மோட்டார் இறுகிவிட்டது என்று பயப்படுகிறார்கள். மூடி திறந்திருக்கும்போது பிரேக் பிடித்திருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். சரியாகப் பார்க்க, பிளக்கைப் பிடுங்கி, மூடியை மூடி, பின்மூடியைக் கழற்றி, மோட்டாருக்கும் கூடைக்கும் நடுவில் உள்ள உருளையைக் கையால் சுற்றுங்கள். அப்போதும் உரசினால் பிரேக் ஒயர் துருப்பிடித்தோ தளர்ந்தோ பிரேக்கை விடாமல் இருக்கிறது. மெதுவாகச் சுற்றுவதும் தீய்ந்த வாசமும் இதே காரணத்தால் வரும். ஒயரைச் சரிசெய்வது சின்ன வேலை. ஆனால் தள்ளிப்போட்டால் மோட்டார் எரியும்.

உருளை லேசாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் இரைச்சல் மட்டும். கண்டென்சர். சில நூறு ரூபாய்தான், மெக்கானிக் மாற்றட்டும். கண்டென்சர் மாற்றியும் ஓடவில்லை, அல்லது உருளைக்கு அடியில் துருவும் ஈரமும் தெரிகிறது என்றால் மோட்டார். இங்கே செலவு ஆயிரத்தைத் தாண்டும். மோட்டாரை மாற்றும்போது சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். சீலை விட்டுவிட்டால் புது மோட்டார் மேலும் அதே தண்ணீர் சொட்டும்.

## தண்ணீர் வெளியேறவில்லை

செமி ஆட்டோமேட்டிக்கில் பம்ப் கிடையாது, தண்ணீர் தன் எடையால்தான் இறங்குகிறது. ஓஸ் முனை ஒரு சாண் தூக்கியிருந்தாலும் நின்றுவிடும். ஓஸை நேராக்கி, தரையோடு போட்டு, முனையை டிரெயின் வாயில் விடுங்கள். மெஷினைச் சுவரோடு தள்ளியதில் ஓஸ் மடங்கியிருக்கிறதா, ஸ்டாண்டுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஓஸைக் கழற்றி டேப்பில் தண்ணீர் விடுங்கள், பஞ்சு உருண்டை உருண்டையாக வரும். பஞ்சு பிடிக்கும் வலைப்பையை ஒவ்வொரு துவைப்புக்கும் பிறகு அலசினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

திருகு பிடிப்பே இல்லாமல் லொடலொடவென்று சுற்றினால், அதோடு சேர்ந்த பட்டை அறுந்திருக்கிறது. தண்ணீரை மக்கால் மொண்டு ஊற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டாப் லோடில் எல்ஜிக்கு ஓஇ (OE), சாம்சங்குக்கு 5இ (5E) அல்லது 5சி (5C) வரும். ஓஸ் பார்த்தும் தீரவில்லை என்றால் டிரெயின் மோட்டார் அல்லது பம்ப்.

## ஸ்பின்னில் ஆடுகிறது, இடம் விட்டு நடக்கிறது

துணியைப் பிரித்து, கனமானதை எதிரெதிரே வைத்து, மறுபடி ஓட்டுங்கள். ஒரே ஒரு ஜீன்ஸையோ ஒரே ஒரு போர்வையையோ தனியாகப் போட்டால் எந்த மெஷினும் ஆடும், கூட ஒரு துண்டையாவது போடுங்கள். பிறகு நான்கு மூலையையும் கையால் அழுத்துங்கள். ஒரு மூலை இறங்கினால் காலைத் திருகி மட்டம் செய்யுங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டு டாப் லோடுக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. மட்டமும் சரி, பாரமும் சரி, தொட்டி மட்டும் உள்ளே ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது என்றால் தொட்டியைத் தாங்கும் சஸ்பென்ஷன் கம்பி. நான்கையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

## துணியில் வெள்ளைத் திட்டு, அழுக்கு போகவில்லை, வாடை அடிக்கிறது

நம் ஊர் உப்புத் தண்ணீரின் வேலை இது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீரே இல்லாத இடத்தில் 600 வரை. பல போர்கள் அந்த 600ஐயும் தாண்டும். அந்தத் தண்ணீரில் தூள் கரையாமல் துணியிலேயே ஒட்டும். நுரை வரவில்லையே என்று இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டால் திட்டுதான் கூடும். தூளை அரை மக் வெந்நீரில் கரைத்து, தொட்டியில் தண்ணீர் நிரம்பிய பிறகு ஊற்றுங்கள், அப்புறம் துணியைப் போடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ இரண்டு பக்கெட் கிடைத்தால் வேட்டியின் வெண்மையே கூடிவிடும்.

வாடைக்கு: துவைத்து முடித்ததும் மூடியைத் திறந்து வையுங்கள். மாதம் ஒருமுறை துணியில்லாமல், 100 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் மெஷினை ஓட்டி, அரை மணி ஊறவிட்டு வடியுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். புளிப்பும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது நெஞ்சை அடைத்துவிடும்.

## தரையில் தண்ணீர்

எங்கிருந்து வருகிறது என்று பழைய செய்தித்தாளை மெஷினுக்கு அடியில் விரித்தால் தெரியும். பின்பக்கம் நனைந்தால் டேப் மரை வாஷர். ஓஸ் வழியெல்லாம் நனைந்தால் எலி கடித்த ஓட்டை, ஓஸை மாற்றுங்கள். மெஷினின் அடிப்பக்கம் திறந்திருந்தால் எலி நுழையாதபடி வலைத் தட்டு ஒன்றைப் பொருத்திவிடுங்கள். நடுவில் நனைந்தால் சீல். ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## மாதம் ஒரு ரிப்பேர், புதிதே வாங்கிவிடலாமா?

எட்டு வருடத்துக்கு மேலான மெஷினில் போர்டு, கியர் பாக்ஸ், மோட்டார் இவற்றில் ஒன்று போய், ரிப்பேர் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தொட்டால் நான் புதிதைத்தான் வாங்குவேன். பெல்ட், கண்டென்சர், ஓஸ் என்றால் எத்தனை வருடமானாலும் மாற்றி ஓட்டுவேன்.

டேங்க் தாழ்வு, தண்ணீர் நேரம் வைத்து வருகிறது, உப்பு அதிகம், பட்ஜெட் குறைவு என்ற வீட்டுக்கு செமி ஆட்டோமேட்டிக்கே நல்லது. பக்கெட்டால் ஊற்றினாலும் ஓடும், உதிரி தெருக்கோடிக் கடையில் கிடைக்கும், ட்ரையரும் டாப் லோடைவிட வேகமாகச் சுற்றுவதால் மழைக்காலத்தில் துணி சீக்கிரம் காயும். காலையில் சமையலும் பிள்ளைகளும் ஆபீஸுமாக ஓடுகிற வீட்டில், துணியைத் தொட்டி மாற்றிப் போட ஆள் இல்லை, டேப்பில் நல்ல வேகம் இருக்கிறது என்றால் டாப் லோடு. ஐந்தாறு பேருக்கு 7 கிலோவுக்குக் குறைத்து வாங்காதீர்கள். மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி என்று பெரிதாக எழுதியிருந்தால், போர்டுக்கும் வால்வுக்கும் எத்தனை வருடம் என்று தனியாகக் கேளுங்கள். கடைக்குக் கிளம்பும் முன் கதவு அகலம், டேப்புக்கும் மெஷின் இடத்துக்கும் உள்ள தூரம், அங்கிருந்து டிரெயின் வாய்க்கு உள்ள தூரம் மூன்றையும் இன்ச் டேப் வைத்து அளந்து ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.